கரையில் கேட்ட எச்சரிக்கை, கணவாய்க்கு எட்டவில்லை: தோரோங் லா, அக்டோபர் 2014

2014 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமையன்று நேபாளத்தின் மனாங், முஸ்தாங் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த மலைப்பகுதிகளிலும் கொட்டிய பனியிலும், அதனால் ஏற்பட்ட பனிச்சரிவுகளிலும் குறைந்தது 43 பேர் உயிரிழந்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அடுத்த சில நாள்களில் மீட்கப்பட்டனர். நேபாளம், இஸ்ரேல், கனடா, இந்தியா, போலந்து, ஸ்லோவாக்கியா எனப் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் மாண்டார்கள். சிகரம் ஏற வந்த மலையேறிகள் இவர்களில் மிகச் சிலரே. பெரும்பாலோர் ஊருக்கு ஊர் விடுதி உள்ள ஒரு பாதையில், வழிகாட்டியின் துணையோடோ தனியாகவோ நடந்துகொண்டிருந்த சாதாரண நடைபயணிகளும், அவர்களுக்கு வழிகாட்டியும் சுமை தூக்கியும் பிழைத்தவர்களும், யாக் மேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர் மக்களுமே. நேபாளத்தின் நடைபயணத் துறை கண்ட மிக மோசமான பேரிடர் என்று அப்போது இதைக் கூறினார்கள்.

இயற்கைச் சீற்றம் என்று ஒரு சொல்லில் இதை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் அந்தப் பனியைக் கொண்டுவந்த புயல் பல நாள்களாகவே இந்தியத் தொலைக்காட்சிகளில் பெரும் செய்தியாக இருந்தது. அப்படியிருந்தும் மனாங்குக்கும் முஸ்தாங்குக்கும் இடையே உள்ள தோரோங் லா என்ற கணவாயின் அடிவாரத்தில் படுத்திருந்தவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து மேலே ஏறியது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பாதையும் அதன் வழக்கமும்

அன்னபூர்ணா சுற்றுப்பாதை வெளிநாட்டவருக்கு 1977இல் திறந்துவிடப்பட்டது. லம்ஜுங் மாவட்டத்தின் பெசிசஹரில், சுமார் 800 மீட்டர் உயரத்தில், படிப்படியாக வெட்டிய நெல்வயல்களுக்கு நடுவே தொடங்கும் இப்பாதை மர்ஸ்யாங்டி ஆற்றை ஒட்டியே ஏறுகிறது. மனாங் மாவட்டத் தலைமையிடமான சாமேயை அடையும்போது வயல்கள் மறைந்து பைன் காடுகள் சூழ்கின்றன. பிசாங்கைக் கடந்ததும் காடும் மெலிந்து, மழை மறைவுப் பகுதிக்கே உரிய வறண்ட சரிவுகளும், தட்டைக் கூரை வேய்ந்த கல்வீடுகளும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட சுவர்களும் தென்படுகின்றன. 3,540 மீட்டர் உயரத்தில் உள்ள மனாங்கில் ஒருநாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, யாக் கார்க்கா, தோரோங் பேதி, ஹை கேம்ப் என்ற தங்குமிடங்கள் வழியே மெல்ல ஏறி, 5,416 மீட்டர் உயரத்தில் உள்ள தோரோங் லா கணவாயைத் தாண்டி, மறுபுறம் காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் முக்திநாத்தில் இறங்குவது வழக்கம். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாகத் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுவே என்று வைணவர்கள் கொள்வதால், முக்திநாத் தமிழர் பலருக்கும் தெரிந்த ஊர். ஜோம்சோம் வழியாக வரும் அடியார்கள் தரிசனம் முடித்து அண்ணாந்து பார்க்கும் கிழக்கு மலைச்சரிவின் உச்சியில்தான் இந்தக் கணவாய் இருக்கிறது.

நடந்ததைப் புரிந்துகொள்ளக் கணவாயின் உயர அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹை கேம்ப் ஏறத்தாழ 4,900 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கணவாய்க்கு ஏற வேண்டியது ஐந்நூறு மீட்டர் அளவே. முக்திநாத்தோ 3,800 மீட்டரில் இருப்பதால், இறங்க வேண்டியது 1,600 மீட்டர். அந்த இறக்கத்தில் முதல் கூரையைக் காண்பதற்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். ஆகவே, வானிலை கெட்டுவிட்ட ஒரு நாளில் கணவாயின் உச்சியில் நிற்பவருக்குப் பின்னால் உள்ள புகலிடமே மிக அருகில் உள்ளது. முன்னால் உள்ளது தொலைவில். ஆனால் உச்சியை அடைந்தவரின் மனம் நேர்மாறாகக் கணக்குப் போடுகிறது. கடினமான ஏற்றம் முடிந்துவிட்டது, இனி இறக்கம்தானே என்று அது நினைக்கிறது.

விடியுமுன் புறப்படும் வழக்கத்துக்கும் காரணம் உண்டு. முற்பகல் நெருங்க நெருங்கக் கணவாயில் காற்று வலுக்கிறது. பிற்பகலில் காளி கண்டகிப் பள்ளத்தாக்கே ஒரு காற்றுக் குழாய் போலாகிவிடுகிறது. எனவே அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே தலைவிளக்கு வெளிச்சத்தில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். நல்ல வானிலை உள்ள நாளில் இது அறிவார்ந்த ஏற்பாடு. மோசமான வானிலை வரவிருக்கும் நாளில் இதே ஏற்பாடு, வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது; பொழுது புலர்ந்து மேகத்தின் நிறம் தெரியும்போது, நடப்பவர் பாதி ஏற்றத்தில் இருக்கிறார்.

வங்கக் கடலிலிருந்து வந்த பனி

அக்டோபர் முதல் வாரத்தில் அந்தமான் கடற்பகுதியில் உருவான தாழ்வு நிலை ஹுட்ஹுட் புயலாக வலுப்பெற்று, 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் விசாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 180 கிலோமீட்டர் அளவுக்கு வீசிய காற்று அந்த நகரத்தையும் அதன் விமான நிலையத்தையும் சிதைத்தது. ஆனால் இந்திய வானிலை ஆய்வு மையம் புயலின் பாதையை முன்னதாகவே சரியாகக் கணித்திருந்ததாலும், ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் லட்சக்கணக்கானோரைக் கரையோரத்திலிருந்து முன்கூட்டியே அப்புறப்படுத்தியதாலும், அங்கே உயிரிழப்பு பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது.

புயல் கரையைக் கடந்ததும் நம் செய்திகளில் அதன் கதை முடிந்துவிடுகிறது. வலுவிழந்து தாழ்வு மண்டலமாகி உள்நாட்டுக்குள் நகரும் என்ற ஒற்றை வரியோடு படம் மாறிவிடும். ஹுட்ஹுட்டின் எச்சம் சத்தீஸ்கர் வழியாக வடக்கே நகர்ந்து, 14ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தை அடைந்தது. காற்றின் வேகம் தணிந்திருந்தாலும், வங்கக் கடலில் அள்ளிய ஈரம் அதில் மிச்சமிருந்தது. மேற்கிலிருந்து வந்த குளிர்ந்த காற்றோட்டத்தோடு அது சேர்ந்து, இமயத்தின் சுவரில் மோதி மேலே தள்ளப்பட்டபோது, சமவெளியில் மழையாகப் பெய்திருக்க வேண்டியது மலையில் பனியாகக் கொட்டியது. விசாகப்பட்டினத்துக்கும் தோரோங் கணவாய்க்கும் நேர்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். புயலின் எச்சம் அதைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள்கள் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு நாள்களும் மனாங்கிலும் தோரோங் பேதியிலும் இருந்தவர்களை நிறுத்தப் போதுமான கால இடைவெளியே.

இது முன்னெப்போதும் நடந்திராத நிகழ்வும் அன்று. 1995 நவம்பரில் வங்கக் கடல் புயலொன்றின் ஈரம் கிழக்கு நேபாளத்தில் பெரும்பனியாகப் பெய்து, கோக்யோ பள்ளத்தாக்கின் பாங்காவில் நேர்ந்த பனிச்சரிவில் 13 ஜப்பானிய நடைபயணிகளும் அவர்களுடன் வந்த நேபாளப் பணியாளர்களும் விடுதியோடு புதையுண்டார்கள். 2014க்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2013 அக்டோபர் 12 அன்று கோபால்பூர் அருகே கரையைக் கடந்த பைலின் புயலின் எச்சமும் நேபாளத்தில் பருவம் தப்பிய மழையைக் கொடுத்தது. பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் அக்டோபரும் நவம்பருமே நேபாளத்தில் நடைபயணத்தின் உச்சப் பருவம். அவையே வங்கக் கடலில் புயல்கள் பிறக்கும் மாதங்களும்கூட. ஆண்டுதோறும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

கணவாயில் அந்த நாள்

அதிகாலையில் தோரோங் பேதியிலிருந்தும் ஹை கேம்ப்பிலிருந்தும் பலர் புறப்பட்டபோது பனி ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது அச்சுறுத்தும் அளவில் இல்லை. மேலே செல்லச் செல்லப் பனி அடர்ந்து, காற்றும் வலுத்தது. தரையும் வானமும் ஒரே வெண்மையாகிவிட்டன. இந்த நிலையில் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போனவரின் காலடித் தடத்தைப் புதுப்பனி சில நிமிடங்களில் மூடிவிடும். நாள் முடிவதற்குள் சில இடங்களில் 1.8 மீட்டர் வரை பனி குவிந்ததாகச் செய்திகள் கூறின.

கணவாயின் உச்சியில், பிரார்த்தனைக் கொடிகளுக்கு அருகில், கல்லால் கட்டிய ஒரு சிறிய தேநீர்க் கடை இருக்கிறது. ஏறி வந்தவர்கள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். நனைந்த உடை, வழியும் மூக்கு, விறைத்த விரல்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே பறந்துவரும் பனி. அங்கே இரவைக் கழிப்பதா, இறங்கிவிடுவதா என்பதுதான் அப்போதைய கேள்வி. அவ்வளவு பேருக்கு அங்கே இடமில்லை; கணப்புக்கும் வழியில்லை; காற்றழுத்தமோ கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. பலர் முக்திநாத் பக்கமாக இறங்கத் தொடங்கினார்கள். உயிரிழப்பு மிகுதியாக நேர்ந்தது அந்த இறக்கத்தில்தான். இடுப்பளவுப் பனியில் வழி தவறியவர்கள், பனிச்சரிவில் சிக்கியவர்கள், ஓய்வெடுக்க உட்கார்ந்து பிறகு எழ முடியாமல் போனவர்கள் என்று மரணம் பல வழிகளில் வந்தது.

உடல் வெப்பம் குறைவதன் கொடுமை, அது முதலில் அறிவைத் தாக்குகிறது என்பதே. நடுக்கம் கடுமையாகி, பேச்சு குழறி, பிறகு நடுக்கமே நின்றுவிடும் கட்டத்தில், இனி குளிரவில்லை என்றுகூட அந்த மனிதருக்குத் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொண்டு நடந்தாலன்றி அவராக நடக்க மாட்டார். விடுதிகளை நம்பிச் செல்லும் இந்தப் பாதையில் யாரிடமும் கூடாரமோ அடுப்போ இருப்பதில்லை. தன் பொருளும் விருந்தினரின் பொருளும் சேர்ந்த மூட்டையைச் சுமந்து, குறைந்த உடையோடும் சாதாரணக் காலணியோடும் நடக்கும் சுமைதூக்கியே இத்தகைய நாளில் எல்லாரையும்விட அதிக ஆபத்தில் இருக்கிறார்.

கணவாய்க்கு வெளியேயும் சாவு நிகழ்ந்தது. மனாங்குக்கு வடகிழக்கே, 2002இல்தான் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்ட நார், பூ பள்ளத்தாக்குகளின் பூ பகுதியில் பனிச்சரிவு ஏற்பட்டு, வெளிநாட்டு நடைபயணிகளும் உள்ளூர் மேய்ப்பர்களும் மாண்டார்கள். தௌலகிரி அடிவார முகாமருகே இரண்டு ஸ்லோவாக்கியர்களும் மூன்று நேபாள வழிகாட்டிகளும் பனிச்சரிவுக்கு இரையானார்கள்.

மறுநாள் வானம் தெளிந்தது. நேபாள ராணுவத்தின் ஹெலிகாப்டர்களும் தனியார் ஹெலிகாப்டர்களும் மீட்பில் இறங்கின. முக்திநாத், ஜோம்சோம் ஊர்க்காரர்களும் விடுதி நடத்துவோரும் பனியைக் கிளறித் தேடியதும், உறைந்த கைகால்களோடு வந்தவர்களுக்கு அடுப்பு மூட்டி இடம் கொடுத்ததும் குறைவாகப் பேசப்பட்ட பெரும்பணி.

ஏன் யாரும் நிறுத்தவில்லை

நேபாளத்திலும் வானிலைத் துறை மழையையும் பனியையும் எதிர்பார்த்தே இருந்தது. ஆனால் காத்மாண்டுவில் வெளியாகும் ஒரு முன்னறிவிப்பை தோரோங் பேதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அன்றிரவே ஒருவர் எழுந்து நின்று சொல்வதற்கான ஏற்பாடு எதுவும் இல்லை. ஆந்திரக் கரையில் அதே புயலைப் பற்றிய எச்சரிக்கை மாவட்ட ஆட்சியர் வழியாகக் கிராம அளவிலான ஊழியர் வரை இறங்கியது. இறங்கிய இடத்தில் அதைக் கட்டளையாக மாற்றும் அதிகாரம் ஒருவருக்கு இருந்தது. மலையில் அந்தக் கடைசிக் கண்ணியே இல்லை. தகவல் சென்றடைந்திருந்தாலும்கூட, அதைக் கேட்டு இன்று யாரும் மேலே போகக்கூடாது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. என் பார்வையில் இந்தப் பேரிடரின் மையக் காரணம் இதுவே. மற்றவை இதைச் சுற்றி அமைந்தவை.

அந்த உரிமை வழிகாட்டிக்கு இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நடைமுறையில் அவர் நாள்கூலிக்கு வருபவர். பயணத்தின் முடிவில் விருந்தினர் கொடுக்கும் அன்பளிப்பு அவருடைய வருமானத்தின் முக்கியப் பகுதி. அடுத்த குழுவை நிறுவனம் தருமா என்பது விருந்தினர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்பதைப் பொறுத்தது. ஜோம்சோமிலிருந்து பொக்காராவுக்கும், காத்மாண்டுவிலிருந்து சொந்த ஊருக்கும் விமானச்சீட்டு முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து மேசைக் குழு மூன்று மணிக்குக் கிளம்பப் போவதாகச் சொல்கிறது. இந்நிலையில் நாளை வேண்டாம் என்று சொல்லும் வழிகாட்டி, மறுநாள் வானம் தெளிந்துவிட்டால் பயந்தாங்கொள்ளி என்ற பெயரையும் வீணான ஒருநாளின் பழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். நிற்கச் சொல்வதன் விலையை அவர் ஒருவரே கொடுக்கிறார். போகலாம் என்று சொல்வதன் விலை எல்லாருக்கும் பங்கிடப்படுகிறது. வழிகாட்டிகளைக் குறைகூறி எழுதப்பட்டவை எனக்கு வருத்தம் தருவதற்குக் காரணம் இதுதான். இறந்தவர்களில் வழிகாட்டிகளும் இருந்தார்கள். விருந்தினரை விட்டுவிட்டுத் தப்பித்தவர்கள் என்று ஒட்டுமொத்தமாக அவர்களைச் சொல்வது பெரும் அநீதி.

மனாங்கிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1973இல் தொடங்கப்பட்ட ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1981 முதல் மனாங்கில் ஒரு மருத்துவ நிலையத்தை நடத்திவருகிறது. பருவ காலத்தில் நாள்தோறும் பிற்பகலில் அங்குள்ள மருத்துவர் உயர நோயைப் பற்றி நடைபயணிகளுக்கு விளக்குகிறார்: தலைவலி, குமட்டல் இருந்தால் மேலே ஏறாதே, நிலை மோசமானால் உடனே இறங்கு. இதைக் கேட்காமல் மனாங்கைக் கடப்பவர் குறைவு. ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில், மதிப்புள்ள ஒருவர் எளிய விதியாகச் சொல்வதால், அது வழிகாட்டிக்கும் பெரிய துணையாகிறது. டாக்டரே சொன்னார் அல்லவா என்று அவர் விருந்தினரை நிறுத்த முடிகிறது. வானிலைக்கு அப்படி ஓர் இடமும் நேரமும் ஆளும் இல்லாமல் போனது. அதே கூடத்தில், அதே விளக்கத்தின் முடிவில், நாளை மறுநாளுக்கான முன்னறிவிப்பையும் வாசிப்பதற்குப் பெரும் செலவு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

2008 முதல் நடைமுறையில் உள்ள நடைபயணப் பதிவு அட்டையும், அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் நுழைவு அனுமதியும் யார் உள்ளே வந்தார்கள் என்பதைப் பதிவு செய்தன. இன்றிரவு ஹை கேம்ப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் நாளை முக்திநாத்தில் இறங்க வேண்டும் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. வராதவரைத் தேட, வர வேண்டியவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். மீட்புப் பணியின் முதல் நாள்களில் இந்தக் குறை வெளிப்பட்டது.

அதற்குப் பிறகு

முன்னெச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்துவதாக அன்றைய பிரதமர் சுஷில் கொய்ராலா உறுதியளித்தார். அடுத்த ஏப்ரலில் வந்த பெரும் நிலநடுக்கம் நாட்டின் கவனம் முழுவதையும் வேறு பக்கம் இழுத்துக்கொண்டது. 2023 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டு நடைபயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் செல்ல வேண்டும் என்ற விதியை நேபாள சுற்றுலா வாரியம் கொண்டுவந்தது. தனியாகச் சென்று காணாமல் போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க இது உதவலாம். ஆயிரக்கணக்கான நேபாளிகளுக்கு வேலையும் கொடுக்கும். ஆனால் 2014இல் மாண்டவர்கள் பலர் வழிகாட்டியோடு சென்றவர்களே. வழிகாட்டி உடன் இருப்பது வேறு. அவர் சொன்னால் குழு நிற்கும் என்பது வேறு. விதி முதலாவதை மட்டுமே கட்டாயமாக்கியிருக்கிறது.

இதற்கிடையே ஜீப் சாலை மனாங்கை எட்டிவிட்டது. ஊர்மக்களுக்கு அது பெரிய வசதி. நோயாளியைச் சுமந்து இறங்க வேண்டிய நாள்கள் குறைந்திருக்கின்றன. நடைபயணிகளுக்கோ அது பயணத்தைச் சுருக்கும் ஆசையைக் கொடுக்கிறது. ஒரு வாரம் நடந்து ஏறிய உயரத்துக்கு இரண்டு நாளில் வண்டியில் வந்து சேர்பவர்களின் பயணத் திட்டத்தில் உபரி நாள் என்பதே இருப்பதில்லை.

ஆயுதபூசை, தீபாவளி விடுமுறையைச் சேர்த்துச் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரிலிருந்து அக்டோபரில் நேபாளத்துக்கும் உத்தரகாண்டுக்கும் மலைநடை செல்லும் தமிழர் குழுக்கள் இப்போது ஏராளம். நிறுவனத்திடம் கட்டணத்தையும் சாப்பாட்டையும் விசாரிப்பதோடு, கணவாய் நாளுக்குப் பின்னால் குறைந்தது இரண்டு உபரி நாள்கள் திட்டத்தில் இருக்கின்றனவா, அந்த நாள்களுக்கான வழிகாட்டி, சுமைதூக்கி கூலி கட்டணத்திலேயே சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். சேர்ந்திருந்தால்தான் நிற்பதால் யாருக்கும் நட்டமில்லை. கணவாய் நாளில் திரும்புவதா என்பதில் வழிகாட்டியின் சொல்லே இறுதி என்பதைப் புறப்படும் முன்பே குழுவில் ஒவ்வொருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்வது, நான்கு மணி இருட்டில் வாக்குவாதம் செய்வதைவிட எவ்வளவோ மேல். வங்கக் கடலில் தாழ்வு நிலை ஒன்று உருவாகியிருந்தால், அது சென்னைக்கு வராது என்று தெரிந்த பிறகும், வலுவிழந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை இமயத்தில் ஏறும் குழுவின் ஊர்த்தொடர்பாளர் ஒருவர் இங்கிருந்தே பார்த்து, மனாங்கிலோ அதற்கு முந்தைய ஊரிலோ இருக்கும் வழிகாட்டிக்குத் தொலைபேசியில் சொல்ல முடியும். சுமைதூக்கியின் காலணியையும் மேலங்கியையும் கையுறையையும் முதல் நாள் காலையிலேயே, மூட்டையைக் கட்டும்போதே, குழுவினர் தங்கள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பெசிசஹர் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்த பிறகே நடக்கத் தொடங்க வேண்டும்.